பி மாதத்து வார்த்தைகள்

பால் என்று சொல்லட்டும், கொடுத்துவிடுகிறேன். இரண்டே எழுத்து. உதட்டை மூடித் திறந்தால் பா வந்துவிடும், நாக்கை மேலே ஒட்டினால் ல் வந்துவிடும். எதிர்வீட்டுப் பேத்தி இன்னும் ஒழுங்காக நடக்கக்கூட இல்லை, அதுவே டம்ளரைப் பார்த்து பா பா என்று கையை நீட்டுகிறது. இவர் அறுபத்திரண்டு வயது மனிதர். கூட்டுறவு ஆபீஸில் சூப்பிரண்டெண்டாக இருந்து ரிட்டையர் ஆனவர், மதுரை ஜில்லாவில் சோலைமலை மாதிரி இங்கிலீஷில் டிராஃப்ட் எழுத ஆள் கிடையாது என்று பெயர் வாங்கியவர். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வராத வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, என் கையில் இருக்கும் டம்ளரையே பார்க்கிறார். நான் எதிரே ஸ்டூலில். “சொல்லுங்க. இது என்னது? பா...” உதடு சேர்கிறது. நன்றாகத்தான் சேர்கிறது. அந்த இடம் வரைக்கும் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், நானும் ஸ்டூல் நுனிக்கு வந்துவிடுவேன், இதோ வந்துவிட்டது, இன்றைக்கு வந்துவிட்டது என்று. “பர்ஸ்பிகேஷியஸ்,” என்றார். அட்சரம் பிசகவில்லை. கணீரென்று. ஆபீஸ் ஆண்டு விழா மைக்கில் சொல்கிற மாதிரி. எனக்கு அந்த டம்ளரோடு எழுந்துபோய்ப் பாலை சிங்க்கில் கொட்டிவிடலாம் போல இருந்தது. கொட்டவில்லை. உட்கார்ந்தே இருக்கிறேன். கேட்டால்தான் கொடுக்க வேண்டும், கையைக் காட்டினாலோ கண்ணைக் காட்டினாலோ கொடுக்கக் கூடாது என்று பேச்சுப் பயிற்சிக்கு வருகிற ரெஜினா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். “நீங்க பாவம் பாத்தீங்கன்னா அவர் கடைசி வரைக்கும் பேச மாட்டாரும்மா.” அவளுக்கென்ன, சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டாள். வியாழக்கிழமை நான் ஆஸ்பத்திரியில் படுக்கப் போகிறேன். அதற்குள் பால், பசி, பாத்ரூம் இந்த மூன்றையாவது இவர் வாயில் வரவழைத்துவிட வேண்டும். வராவிட்டால் இவரை யாரிடம் எப்படி விட்டுவிட்டுப் போவது?

மின்சாரம் வேறு போய்விட்டது. நரிமேடு முழுக்கவே போயிருக்கும் போல, மாடிவீட்டு கிரைண்டர் பாதியில் நின்றுவிட்டது. மே மாதத்து மதியம், ஃபேன் இல்லாமல் இவர் கழுத்தில் வியர்வை கோடாக இறங்குகிறது, துடைத்துவிட எழுந்தால் பயிற்சி கெட்டுவிடும். இவருக்கு வியர்க்கிறது என்று சொல்லத் தெரியாது. இப்போது சொல்லத் தெரியாது என்று சொல்ல வந்தேன். முன்னாலும் சொன்னதில்லை. முன்னால் “பர்ஸ்பிரேஷன்” என்பார். இல்லை, அதுகூடச் சாதாரண வார்த்தையாம், ஸ்கூல் பையன்களுக்குக்கூடத் தெரியுமாம், இவருக்கு வேண்டியது யாருக்கும் தெரியாத வார்த்தை. மாதத்துக்கு ஓர் எழுத்து. அது இவருடைய வழக்கம், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. ஒன்றாம் தேதி காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு, சுவரில் தொங்குகிற மாதக் காலண்டரில் அந்த மாதத்துக்கு உள்ள எழுத்தைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதுவார். ஏ என்றால் அந்த மாதம் முழுக்க ஏ. தினம் ஒரு வார்த்தை. சும்மா மனப்பாடம் செய்தால் ஒட்டாதாம், ஒரு வார்த்தையை ஒரே நாளில் மூன்று பேரிடம் உபயோகித்தால்தான் அது நமக்குச் சொந்தமாகுமாம். மூன்று பேருக்கு இவர் எங்கே போவார்? காலையில் நான். ஆபீஸில் ஒரு கிளார்க். சாயங்காலம் மறுபடியும் நான், அல்லது வாசலுக்கு வருகிற கீரைக்காரி. கீரைக்காரியிடம் ஒருநாள் என்னவோ ஒரு எஃப் வார்த்தையைச் சொல்லி, அவள் “என்னய்யா திட்டுறீங்க?” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள் ஒரு மாதம் எங்கள் தெருவுக்கே வரவில்லை. எனக்குப் போவதற்கு வேறு தெரு இல்லை.

“பா...” என்கிறேன் மறுபடியும். என் உதட்டைப் பார்க்கச் சொல்லி விரலால் தொட்டுக் காட்டுகிறேன். பார்க்கிறார். இந்த முப்பத்தைந்து வருஷத்தில் என் வாயை இவ்வளவு நேரம் இவர் உற்றுப் பார்த்ததே கிடையாது. “ப்ளெதோரா.” இல்லைங்க. இல்லை. டி மாதம் ஒன்று ஞாபகம் வருகிறது, நிவேதா அப்போது கைக்குழந்தை. நான் வைத்த அயிரை மீன் குழம்பை ஒரு வாய் போட்டுக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, “டெலெக்டபிள்,” என்றார். முகம் எப்போதும் உள்ள முகம்தான், சிரிப்பு கிடையாது. எனக்குப் புளி தூக்கலாகிவிட்டது என்று தெரியும், அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அடுப்படிக்குப் போய் அழுதேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நிவேதாவுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸம்மாவிடம் கேட்டேன், டெலெக்டபிள் என்றால் என்னம்மா என்று. ருசி என்று அர்த்தமாம். நல்ல ருசி. அதைத் தமிழில் சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுத அழுகை வீண், பேசாமல் இருந்த இரண்டு நாளும் வீண். நான் பேசவில்லை என்பதே இவருக்குத் தெரிந்ததா என்பது இன்னொரு கேள்வி. அதற்குப் பிறகு நான் எந்த வார்த்தைக்கும் அர்த்தம் கேட்பதை விட்டுவிட்டேன். நல்லதோ கெட்டதோ, காதில் விழுந்தால் விழுந்துவிட்டுப் போகட்டும், எனக்கு மாவு அரைக்க வேண்டும், துணி காயப்போட வேண்டும். எம் மாதத்தில் சாம்பாரை மீடியாக்கர் என்றார், சரி. ஜி மாதத்தில் என் அக்காவைக் கார்ருலஸ் என்றார், சரி. ஜே மாதம் வந்தபோது மட்டும் மனசு கேட்கவில்லை. காலண்டரில் சிவப்பு மையில் ஜே. என் பெயர் ஜெயக்கொடி. ஜே எழுத்தில் வார்த்தை பஞ்சம், ஒரு மாதத்துக்குத் தேறாது என்று டிக்ஷனரியை வைத்துக்கொண்டு அலுத்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அட, நம் வீட்டிலேயே ஒரு ஜே இருக்கிறதே என்று ஒரு வார்த்தை, கேலிக்காவது, சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தோன்றியிருக்காது. தோன்றியிருந்தால் மூன்று பேரிடம் அல்லவா சொல்லியிருப்பார்.

இப்போது வருவது பி. தை மாதம் பக்கவாதம் வந்து விழுந்தார், அந்த மாதக் காலண்டரில் பி எழுதியிருந்தது. பல் தேய்த்துக்கொண்டே இருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடி சரிந்தார், நான் ஓடிப்போய்த் தாங்கினேன், தாங்கின இடத்தில் எனக்கு உள்ளே ஏதோ கழன்று இறங்கின மாதிரி இருந்தது, அப்போது அதைப் பார்க்க நேரமில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவரைச் சுற்றி நானும் நிவேதாவும் நின்றோம், நிவேதா புனேயிலிருந்து பிளேன் பிடித்து வந்திருந்தாள். “அப்பா, நான் யாருன்னு தெரியுதா?” என்று கேட்டாள். இவர் அவளை நன்றாகப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, வாயைத் திறந்து, “பெரிபடெடிக்,” என்றார். நிவேதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வார்டு டாக்டர் ஆச்சரியப்பட்டுப் போய் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். ஏதோ பொருட்காட்சி போல. அவர்கள் ஒவ்வொருவரும் பேனாவைக் காட்டி, சாவியைக் காட்டி, இது என்ன இது என்ன என்று கேட்க, இவர் பி வார்த்தைகளை அள்ளி விட்டார். தண்ணீர் வரவில்லை, சோறு வரவில்லை, சொந்தப் பெயர் வரவில்லை. ரெஜினாதான் பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். மூளையில் வார்த்தை இருக்கிற இடத்தில் அடி பட்டிருக்கிறது, கடைசியாக எதைத் திரும்பத் திரும்ப உருப்போட்டாரோ அது மட்டும் தானாக வருகிறது, மற்றதெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, வழி அடைபட்டிருக்கிறது. “உதடு சேர்ற எழுத்துதான் லேசும்மா. ப-வுல ஆரம்பிங்க. பால், பசி, பழம், பாய். அவருக்கும் அந்தச் சத்தம் பழகியிருக்கு.” பழகியிருக்கிறதுதான். அதுதானே தொல்லை. நான் பா என்று கதவைத் திறந்துவிட்டால் உள்ளேயிருந்து அந்தக் கூட்டம்தான் முண்டியடித்துக்கொண்டு வருகிறது. வேண்டுமென்று செய்கிறாரோ என்று சில சமயம் சந்தேகம் வருகிறது. சந்தேகம் இல்லை, நிச்சயமாகவே தோன்றுகிறது. வீம்பு பிடித்த மனிதர். பால் என்று சொல்வது கேவலம் என்று நினைக்கிறார். கீரைக்காரிகூடச் சொல்லிவிடுகிற வார்த்தையைத் தன் வாயால் சொல்வதாவது? பிறகு ராத்திரி தூங்கும்போது அந்தக் கோணின வாயைப் பார்க்கிறேன், நான் நினைத்தது பாவம் என்று தெரிகிறது. காலையில் மறுபடி அதேதான் தோன்றுகிறது. இரண்டும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது, எதில் நிற்பது என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, அதன் பக்கத்திலேயே நான் போவதில்லை. இந்த வார்த்தைகள்தான் கடைசி வரைக்கும் மிச்சம் என்றால்? கூட வாழ்ந்த நாளெல்லாம் போய், ஒரு மாதத்துக் காலண்டர் மட்டும் அந்தத் தலைக்குள் தங்கிவிட்டது என்றால்?

அடிவயிறு இழுக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்தால் இழுக்கத்தான் செய்யும், முதுகு சாய்க்க வேண்டும். கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னாள். கொஞ்ச நாளாக இல்லை, ரொம்ப நாளாகவே இறங்கிக்கொண்டு வந்திருக்கிறதாம், இவரைத் தூக்க ஆரம்பித்த பிறகு அதிகமாகியிருக்கிறதாம். “ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. குடமா? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கு, பாத்ரூமிலிருந்து கட்டிலுக்கு. நான் தூக்குகிற குடத்துக்கு மீசை இருக்கிறது. ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு இனித் தள்ள முடியாது என்கிற இடத்துக்கு வந்தாயிற்று. நிவேதாவால் வர முடியாது, அவளே எட்டாம் மாதம். ஆளைத்தான் வைக்க வேண்டும். போன திங்கட்கிழமை ஏஜென்ஸியிலிருந்து யோபு என்று ஒருவரை அனுப்பினார்கள், நல்ல மனிதர், தங்கமான மனிதர், இவரைப் பூ மாதிரி தூக்கி உட்கார வைத்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஸ்கேன் எடுக்கப் போய்விட்டு மத்தியானம் வருகிறேன், வாசலிலேயே கேட்கிறது, உள்ளே பெரிய ஜெபம். என்னவோ ஏதோ என்று ஓடினேன். இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முகமெல்லாம் சிவந்து, ஒன்றன் பின் ஒன்றாகப் பி வார்த்தைகளைக் கத்திக்கொண்டிருக்கிறார். யோபு தரையில் முழந்தாளிட்டுக் கண்ணை மூடி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கன்னத்தில் கண்ணீர் வழிய ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும், “அம்மா, ஐயாவுக்கு அந்நிய பாஷை வரம் கிடைச்சிருக்கும்மா. எங்க சபையில பாஸ்டருக்கே இவ்வளவு சரளமா வராது,” என்றார். நான் இவர் வேட்டியைப் பார்த்தேன். நனைந்து, நாற்காலிக்கடியில் சொட்டிக்கொண்டிருந்தது. பாத்ரூம் போக வேண்டும் என்று எவ்வளவு நேரமாகக் கத்தினாரோ தெரியாது. ஒருவர் ஒண்ணுக்கு வருகிறது என்று கதற, இன்னொருவர் பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று அழுதுகொண்டிருந்திருக்கிறார். யோபுவைக் குறை சொல்ல முடியாது. நான் மட்டும் என்ன கிழித்தேன், இந்தப் பாஷையை இத்தனை வருஷம் கேட்டுவிட்டு? துணியை மாற்றும்போது இவர் என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு யோசனை செய்து பார்த்தேன். பைத்தியக்கார யோசனைதான், ஆனால் தனியாக உட்கார்ந்திருக்கிறவளுக்கு எதுவும் தோன்றும். இவர் நம் வார்த்தைக்கு வராவிட்டால் நாம் இவர் வார்த்தைக்குப் போவோமே. தண்ணீருக்கு எதைச் சொல்கிறார், பாத்ரூமுக்கு எதைச் சொல்கிறார் என்று கவனித்து யோபுவிடம் சொல்லிவிட்டால் போயிற்று. செவ்வாய்க்கிழமை முழுக்கக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு இருந்தேன். நான் அர்த்தம் கேட்கமாட்டேன் என்று வைராக்கியமாக இருந்த அதே வார்த்தைகளை, வாயில் நுழையாத அந்தக் கண்ராவிகளை, அடுப்படியில் நின்று எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பூசிலானிமஸ் என்றால் தண்ணீர். காலையில் அப்படித்தான் இருந்தது. மத்தியானமும் பூசிலானிமஸ், கொடுத்தேன், குடித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை, ரெஜினாவுக்குப் போன் போடப் போனேன். சாயங்காலம் பூசிலானிமஸ் என்றார், தண்ணீரைக் கொண்டுபோனேன், டம்ளரைத் தட்டிவிட்டார். லைட்டைப் போடச் சொல்லியிருக்கிறார். மறுநாள் அதே பூசிலானிமஸ் கொசுவுக்கு. பிறகு அதுவே நியூஸ் சேனலுக்கு. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமே கிடையாது, கைக்கு எது அகப்படுகிறதோ அதை எடுத்து எறிகிறார். நான் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். ஒரு பாஷையை ராப்பகலாக உருப்போட்டுக் கடைசியில் அதில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. முப்பத்தைந்து வருஷம் கழித்து முதன்முதலாக இவர் வார்த்தையைக் கற்றுக்கொள்ள வந்தேன், வந்த நேரம் பார்த்து அது வெறும் சத்தமாகிவிட்டது.

பால் ஆடை கட்டிவிட்டது. சூடு போயிற்று, டம்ளர் கையில் சுடவே இல்லை. இவருக்கு ஆறின பால் பிடிக்காது. பிடிக்காவிட்டால் சொல்லட்டுமே, ஆறிப்போச்சு, சூடு பண்ணு என்று வாயைத் திறந்து சொல்லட்டுமே. வாயில் என்ன கொழுக்கட்டையா? “பால்,” என்றேன், நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. “பால். பால். பால். இதைச் சொல்ல முடியலையா? அந்தக் கண்டதையெல்லாம் சொல்லத் தெரியுது, இது வரலையா?” இவர் உதடு நடுங்கியது. “ப்... ப்...” என்று வந்தது. ப் ப் என்று அது ஒட்டிக்கொண்டு நின்றது, கழுத்து நரம்பு புடைத்தது. “ப்ரோக்ராஸ்டினேட்.” சொன்ன உடனே இடது கையால் தன் வாயிலேயே ஓங்கி அடித்துக்கொண்டார். ஒரு தரம் இல்லை. அடித்துக்கொண்டே இருந்தார், உதட்டோரம் ரத்தம் கசிந்தது. நான் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தேன், பிடித்தால் அந்த ஒரு கையில் அவ்வளவு பலம், என்னையும் சேர்த்து இழுக்கிறது, எனக்கு அடிவயிற்றில் சுரீர் என்று இழுத்து உட்காரவும் முடியவில்லை நிற்கவும் முடியவில்லை. வேண்டுமென்று செய்கிறார் என்று நினைத்தேனே. எத்தனை நாள் நினைத்தேன். என் மேல் எனக்கு வந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் இவர் மேலேயே போய் விழுந்தது. “எனக்கு மட்டும் ஆசையா உங்களைப் பட்டினி போட்டுப் படுத்தணும்னு?” என்று கத்தினேன். “வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். கர்ப்பப்பை இறங்கிருச்சு, எடுக்கணும்ங்கறாங்க. நான் பாட்டுக்குப் போய்ப் படுத்துக்கிட்டா உங்களை யாரு பாக்கறது? அந்த யோபு எதைக் கண்டாரு? அன்னைக்கு மாதிரி நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? அதுக்குத்தாங்க... அதுக்குத்தான்...” மேலே வார்த்தை வரவில்லை. எனக்கும் வரவில்லை, பாருங்கள்.

இவரிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். பதில் சொல்ல முடியாதவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, பயத்தை மட்டும் கொடுத்ததாக ஆகும் என்று. நிவேதாவும் வேண்டாம் அம்மா என்றாள். பக்கத்து வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுகூடத் திட்டம் போட்டிருந்தேன். கொட்டிவிட்டேன். இவர் கை தளர்ந்தது. அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தெருவில் பழைய பேப்பர், பழைய இரும்பு என்று ஒலிபெருக்கி வைத்த வண்டி ஒன்று மெதுவாகப் போய், திரும்பி, மறுபடியும் போயிற்று. “பாலிமத்,” என்றார், உடனே தலையை ஆட்டினார், அது இல்லை என்று. “பாராகன்.” இல்லை. “பெல்லூசிட்.” இல்லை, இல்லை. ஒவ்வொன்றையும் சொன்ன மறுநிமிஷமே தள்ளினார். வேறு எதையோ தேடுகிறார், கையில் அகப்படுவதெல்லாம் இந்தக் குப்பைதான். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். “பாத்ரூம் வருதா?” இல்லை. “பசிக்குதா? பால் தரட்டுமா? தந்துர்றேங்க, சொல்ல வேண்டாம்.” இல்லை. “பயமா இருக்கா?” இல்லை. “போகக் கூடாதுங்கறீங்களா?” இதற்கு மிகவும் வேகமாகத் தலையை ஆட்டினார், இல்லை, இல்லவே இல்லை. “யோபு வேண்டாமா? நிவேதாகிட்டப் பேசணுமா?” இல்லை. ப-வில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. மூன்று வாரமாக ரெஜினாவும் நானும் சேர்ந்து பொறுக்கியெடுத்த அத்தனையும் சொல்லிவிட்டேன், எல்லாமே இவருக்கு என்ன வேண்டும் என்பதற்கான வார்த்தைகள்தான், வேறு வார்த்தை ஒன்றும் நாங்கள் பொறுக்கவில்லை. “அப்ப என்னதாங்க வேணும் உங்களுக்கு?” என்றேன்.

நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். விழுந்துவிடுவாரோ என்று நான் கிட்டப் போனேன். இடது கையை நீட்டினார், டம்ளர் இருந்த பக்கம் அது போகவே இல்லை. என் சேலைக் கொசுவத்துக்கு மேலே, நான் என்னை அறியாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில், என் கையை மெதுவாக விலக்கிவிட்டுத் தன் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுவென்று இருந்தது, உதட்டில் கசிந்த ரத்தம் ஒரு விரலில் ஒட்டியிருந்தது. என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, “பெனும்ப்ரா?” என்றார். எத்தனையோ வார்த்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆரோக்கியமாக இருந்த நாளிலும் விழுந்த பிறகும், எல்லாமே மேஜையில் சீல் குத்துகிற மாதிரி தொப்பென்று வந்து விழும். இது அப்படி விழவில்லை. கடைசியில் குரல் மேலே ஏறி, அங்கேயே நின்றுகொண்டு, நான் சொல்லப் போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. புருவம் இரண்டும் சேர்ந்திருந்தன. இந்த இடத்தைப் பற்றி இதுவரை டாக்டரம்மா கேட்டிருக்கிறாள், ஸ்கேன் எடுத்த பெண் கேட்டிருக்கிறாள். வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் யாரும் கேட்கிற மாதிரி நடந்துகொண்டதில்லை. சும்மாதான், ஒன்றுமில்லை, போய்ப் பேசாமல் இருங்கள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, பழக்கம். கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஆமாங்க,” என்றேன். “வலிக்குது. ரொம்ப நாளா வலிக்குது.”